நுனியில் மூட்டிய நெருப்பு

ஆகாயத்தில் பறக்கிற யந்திரங்களுக்குள்ளே ஹெலிகாப்டர் ஒரு தனி ஜாதி. மற்ற விமானங்களுக்கு வெளியுலகத்தோடுதான் சண்டை. காற்று எதிர்க்கும், மழை மறிக்கும், பூமி கீழே இழுக்கும். ஹெலிகாப்டருக்கோ இவையெல்லாம் போதாதென்று தன்னோடு தானே போராட வேண்டியிருக்கிறது. தலைக்கு மேலுள்ள விசிறி ஒரு பக்கம் சுற்றத் தொடங்கிய உடனே, அதன் உடம்பு மறுபக்கம் சுற்றிக்கொள்ளப் பார்க்கிறது. மனிதர்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. ஒரு காரியத்தில் முனைந்தார்களோ இல்லையோ, அவர்களுக்குள்ளேயே ஒன்று எதிர்த் திசையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கதை எழுதுகிறவன் இந்த யந்திரத்தின் மேல் கண் வைப்பதற்கு இது ஒன்றே போதும்.

இந்த உள் போராட்டம் எதனால் வருகிறது? வீட்டில் தலைக்கு மேல் சுற்றுகிற மின்சார விசிறியையே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் இறக்கைகளை ஒரு பக்கம் தள்ளுகிறது. இறக்கைகள் பதிலுக்கு மோட்டாரை மறுபக்கம் தள்ளுகின்றன. ஆனால் மோட்டார் அசைவதில்லை. ஏனென்றால் கூரை அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கூரை செய்கிற இந்த உபகாரத்தை நாம் ஒரு நாளும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஹெலிகாப்டருக்குக் கூரை ஏது? அந்தரத்தில் அதைப் பிடித்துக்கொள்ள யாருமில்லை. ஆகவே விசிறி ஒரு பக்கம், பெட்டியும் பெட்டிக்குள் இருக்கிற மனிதரும் மறுபக்கம்!

இதற்குப் பொறியாளர்கள் இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறிகளை வைத்து ஒன்றின் முறுக்கை மற்றொன்றால் சரிக்கட்டுவது. 1936-ம் வருஷம் ஜெர்மனியில் பறந்த ஃபோக்கே-வுல்ஃப் 61 அப்படிப்பட்டது. மற்றது, வாலின் கடைசியில் ஒரு சின்ன விசிறியை மாட்டி, உடம்பு திரும்பப் பார்க்கும்போதெல்லாம் அதைப் பிடித்துத் தள்ளி நேராக நிறுத்துவது. 1939-ல் அமெரிக்காவில் இகோர் சிகோர்ஸ்கி இந்த வழியில் தம் யந்திரத்தைத் தரையை விட்டுக் கிளப்பினார். பெரும்பாலான ஹெலிகாப்டர்கள் அதையே பின்பற்றின.

ஆனால் அந்த வால் விசிறி யந்திரத்தை மேலே தூக்குவதில்லை, முன்னே செலுத்துவதுமில்லை. வெறுமனே நேராக இருப்பதற்கே யந்திர சக்தியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி பழைய கடனுக்கு வட்டியாகப் போவது போலத்தான். குடும்பம் நடக்கிறது, ஆனால் அந்தப் பணத்தில் ஒரு படி அரிசி கூட வாங்க முடிவதில்லை. போதாக்குறைக்கு யந்திரத்தின் வேகத்தைக் குறைத்து மேல் விசிறிக்குக் கொடுக்கக் கனமான கியர்கள் வேண்டும். வால் வரையில் நீண்ட தண்டு வேண்டும். எல்லாம் பாரம், எல்லாம் செலவு.

இந்த வட்டியே வேண்டாம் என்று துணிந்தவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த பிரீட்ரிக் வான் டோப்ல்ஹோஃப். வியன்னாவுக்குப் பக்கத்திலுள்ள வீனர் நொய்ஷ்டாட் விமானத் தொழிற்சாலையில், இரண்டாவது உலக மகாயுத்தத்தின் நடுவில், அவரும் இரண்டு சகாக்களும் ஒரு யந்திரத்தை உருவாக்கினார்கள். சகாக்களின் பெயர் ஆகஸ்ட் ஸ்டெபான், தியோடர் லௌஃபர். யந்திரத்தின் பெயர் டபிள்யூ. என். எஃப். 342. பெயரில் கவிதை இல்லை, எண்ணத்தில் இருந்தது.

அந்த எண்ணம் நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் தெரிந்ததுதான். தீபாவளி இரவில் முற்றத்தில் சங்குசக்கரம் விடுகிறார்களே, அதை யார் நடுவில் பிடித்து முறுக்குகிறார்கள்? ஒருவருமில்லை. விளிம்பிலே நெருப்பு பின்னோக்கிச் சீறுகிறது. சக்கரம் முன்னோக்கிச் சுற்றுகிறது. நடுவில் முறுக்கினால்தானே உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பும்? நுனியில் தள்ளினால்? தள்ளுவது காற்றை, முறுக்கு உடம்புக்கு வந்து சேருவதே இல்லை. வாலில் காவல்காரன் வேண்டாம். கனமான கியர்களும் வேண்டாம்.

டோப்ல்ஹோஃப் செய்தது இதுதான். பெட்டிக்குள் ஒரு சாதாரண யந்திரம். அது மேல் விசிறியைச் சுற்றவில்லை. காற்றை அழுத்திக் கொடுக்கும் ஒரு பம்பை ஓட்டியது. அழுத்தின காற்றோடு பெட்ரோல் கலந்து, விசிறியின் நடுத்தண்டு வழியாக ஏறி, உள்ளே குழலாக இருந்த இறக்கைகளின் ஊடே ஓடி நுனிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு நுனியிலும் ஒரு சின்ன அடுப்பு. அங்கே நெருப்புப் பற்றியது, பின்னோக்கிச் சீறியது, விசிறி சுற்றியது. 1943-ம் வருஷம் அந்த யந்திரம் தரையை விட்டு எழும்பியது. இறக்கை நுனியில் ஜெட் நெருப்பை மூட்டி மனிதனைச் சுமந்து எழும்பிய ஹெலிகாப்டர்களில் அதுதான் முதலாவது.

யாருக்காக எழும்பியது என்பதையும் மறந்துவிடக் கூடாது. சிறிய கப்பல்களிலிருந்தும் நீர்மூழ்கிகளிலிருந்தும் மேலே கிளம்பிக் கடலை வேவு பார்க்க ஜெர்மன் கடற்படைக்கு ஒரு கண் வேண்டியிருந்தது. கண்ணில் படுகிற கப்பலை மூழ்கடிப்பதற்காகத்தான் அந்தக் கண். அழகான எண்ணங்கள் தாங்கள் பிறக்கிற வீட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதில்லை.

அந்த வீட்டில் இரண்டு கேள்விகளை யாரும் கேட்கவில்லை. ஒன்று, எவ்வளவு சத்தம் என்பது. குண்டு விழுந்துகொண்டிருக்கிற ஊரில் ஒரு யந்திரம் கூச்சல் போடுகிறதென்று யார் போய்ப் புகார் கொடுப்பார்கள்? தொழிற்சாலையின் மேலேயே 1943-ல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டன. வேலையை வேறு இடத்துக்கு மாற்றித் தொடர்ந்தார்கள். இரண்டாவது கேள்வி, எவ்வளவு செலவு என்பது. இது மட்டும் சீக்கிரத்திலேயே தானாகத் தலைகாட்டியது.

நெருப்பின் சீறலைத் தள்ளுவிசையாக மாற்றுவது மிக மிக வேகமாகப் போகும் பொருளுக்குத்தான் கட்டுபடியாகும். ஹெலிகாப்டர் விசிறியின் நுனியோ அவ்வளவு வேகம் போகக் கூடாது. ஒலியின் வேகத்தை நெருங்கினால் இறக்கை தன் வேலையைச் செய்யாது. ஆகவே எரிகிற எண்ணெயில் வீணாகிற பங்கு ஏராளம். குறுகலான குழலுக்குள் ஓடும் காற்று உராய்ந்து இழக்கிற சக்தி வேறு. டோப்ல்ஹோஃப் குழுவினர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அடுத்தடுத்து நான்கு மாதிரிகள் செய்தார்கள். கடைசி மாதிரியில், எழும்பும்போதும் இறங்கும்போதும் மட்டுமே நுனி நெருப்பு. மேலே போனபின் நெருப்பை அணைத்துவிட்டு, பின்புறத்தில் வைத்த ஒரு சாதாரண விசிறியால் யந்திரத்தைத் தள்ளினார்கள். மேல் விசிறி எதிர்க் காற்றில் தானாகச் சுழன்று யந்திரத்தைத் தாங்கியது.

1945-ல் கிழக்கேயிருந்து ருஷ்யப் படைகள் நெருங்கின. குழுவினர் கடைசி மாதிரியை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேற்கே கிளம்பினார்கள். யந்திரம் அமெரிக்கர் கையில் சேர்ந்தது. இத்தோடு கதை முடிந்திருந்தால் அது பொறியாளர்களின் கதை. இதற்குப் பிறகுதான் அது நாவலாசிரியனின் கதையாகிறது.

மூன்று சகாக்களும் மூன்று தேசங்களுக்குப் பிரிந்து போனார்கள். டோப்ல்ஹோஃப் அமெரிக்காவுக்குப் போய் மக்டானல் கம்பெனியில் சேர்ந்தார். ஸ்டெபான் இங்கிலாந்துக்குப் போய் ஃபேரி கம்பெனியில் சேர்ந்தார். லௌஃபர் பிரான்ஸுக்குப் போனார். ஒரே அடுப்பிலிருந்து மூன்று கொள்ளிகளை எடுத்து மூன்று வீடுகளில் அடுப்பு மூட்டியது போல. எந்த வீட்டில் சோறு வெந்தது, எந்த வீட்டில் கூரை பற்றியது என்பதுதான் மீதிக் கதை.

முதலில் மூத்தவர் வீடு. மக்டானல் கம்பெனியில் உருவான எக்ஸ். வி. 1 என்ற சோதனை யந்திரம், நுனி நெருப்பால் எழும்பி, பின்புற விசிறியால் முன்னே போயிற்று. ஆஸ்திரியாவில் கடைசியாகச் செய்த மாதிரியின் நேர்த் தம்பி அது. 1956-ல் மணிக்கு 200 மைல் வேகத்தைத் தொட்டது. சுழலும் விசிறியால் மேலெழும்பும் யந்திரம் எதுவும் அதுவரை தொடாத வேகம். ஆயினும் 1957-ல் அந்த முயற்சியை நிறுத்திவிட்டார்கள். சாதாரண ஹெலிகாப்டர்களும் நாளுக்கு நாள் முன்னேறிக்கொண்டிருந்தன. இத்தனை சிக்கலுக்கு ஈடான லாபம் கண்ணுக்குத் தெரியவில்லை. வட்டி கட்டிக்கொண்டிருந்தவன் வாழ்ந்துகொண்டிருந்தான். வட்டி வேண்டாமென்றவனின் கைமுதலே கரைந்து போயிற்று.

அதே அமெரிக்காவில் இந்த எண்ணத்துக்கு இன்னொரு பைத்தியமும் பிடித்திருந்தது. ஹோவர்ட் ஹ்யூஸ் என்ற கோடீசுவரரின் கம்பெனி எக்ஸ். எச். 17 என்ற ஒரு பூதத்தை எழுப்பியது. விசிறியின் குறுக்களவு சுமார் 130 அடி. தடித்த பாரங்களைக் கால்களுக்கு நடுவில் கவ்விக்கொண்டு தூக்கிப் போக வேண்டும் என்பது எண்ணம். ஆனால் உடம்போ ஒட்டுப்போட்டது! முன் சக்கரங்கள் ஒரு குண்டுவீச்சு விமானத்திலிருந்து, பின் சக்கரங்கள் ஒரு சரக்கு விமானத்திலிருந்து, ஓட்டி உட்காரும் அறை ஒரு கிளைடரிலிருந்து, எண்ணெய்த் தொட்டி இன்னொரு குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றிலிருந்து என்று சேகரித்துக் கட்டினார்கள். இரண்டு ஜெட் யந்திரங்கள் சூடான காற்றை இறக்கைகளின் குழலுக்குள் அனுப்பின, நுனியில் நெருப்பு. 1952-ம் வருஷம் அக்டோபர் 23-ந் தேதி கலிபோர்னியாவில் கல்வர் சிட்டி என்ற ஊரில் அது பறந்தது. சுமந்ததென்னவோ உண்மை. ஆனால் அது குடித்த எண்ணெய்க்கு நாற்பது மைல்தான் போக முடியும் என்று கணக்காயிற்று. இறக்கைகளுக்கு விதித்திருந்த ஆயுள் 1955-ல் தீர்ந்தது. யந்திரத்தையும் அத்தோடு நிறுத்திப் பிறகு உடைத்துவிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை. முறுக்கே இல்லாத அந்த ஹெலிகாப்டருக்கும் வாலில் ஒரு விசிறி வைத்திருந்தார்கள். எதிர் முறுக்கைத் தடுக்க அல்ல, திசை திருப்ப. அதுவும் ஒரு சிகோர்ஸ்கி ஹெலிகாப்டரிலிருந்து எடுத்து மாட்டியது!

இங்கிலாந்தில் ஸ்டெபான் பங்குகொண்ட யந்திரம் இவை எல்லாவற்றையும்விடக் கம்பீரமானது. ஃபேரி ரோடோடைன் என்று பெயர். 90 அடிக் குறுக்களவுள்ள விசிறி, இரு பக்கமும் குட்டை இறக்கைகள், அவற்றில் இரண்டு யந்திரங்கள், உள்ளே நாற்பது பேர் உட்காரும் இடம். நகரத்தின் நடுவிலிருந்து நேராக எழும்பி, இன்னொரு நகரத்தின் நடுவில் நேராக இறங்க வேண்டும். விமான நிலையம் வரையில் போகிற நேரமும் அங்கே காத்துக் கிடக்கிற நேரமும் மிச்சம். ஆபீஸ் முடிந்து கிளம்பி ராச்சாப்பாட்டுக்கு அயல் தேசத்துக்குப் போய்விடலாம் என்கிற மாதிரியான கனவு. 1957-ம் வருஷம் நவம்பர் 6-ந் தேதி முதன் முதலாகப் பறந்தது. 1959-ம் வருஷம் ஜனவரியில், நூறு கிலோமீட்டர் வட்டப் பாதையில் மணிக்கு 190 மைலுக்கு மேல் ஓடி உலக சாதனை செய்தது. பிரிட்டிஷ் விமானக் கம்பெனி ஒன்று ஆசையோடு பார்த்தது, அமெரிக்காவிலிருந்தும் விசாரித்தார்கள்.

ஆனால் ஆஸ்திரியாவில் ஒருவரும் கேட்காத அந்த முதல் கேள்வி, பதினைந்து வருஷம் கழித்து லண்டனில் வந்து கதவைத் தட்டியது. எவ்வளவு சத்தம்?

எழும்பும்போதும் இறங்கும்போதும் நான்கு இறக்கை நுனிகளிலும் நெருப்புச் சீற வேண்டும். அந்தக் கூச்சல் வயற்காட்டுக்கு நடுவிலுள்ள விமானத் தளத்தில் யாரையும் வருத்தாது. ஆனால் இந்த யந்திரத்தின் பெருமையே நகரத்தின் நடுவில் இறங்குவதல்லவா? எந்த இடத்துக்காக அதைப் படைத்தார்களோ அந்த இடத்தில்தான் அதைப் பொறுக்க முடியாது! சத்தத்தை அடக்கும் அமைப்புகளுக்காக மெனக்கெட்டார்கள். ஓரளவு குறைக்கவும் செய்தார்கள். சத்தம் ஒன்றே அதைக் கொன்றது என்று சொல்வது நியாயமாகாது. பெரிய மாதிரிக்குப் புது யந்திரங்கள் தேவைப்பட்டன. செலவு ஏறிக்கொண்டே போயிற்று. உறுதியாக வாங்குகிறேன் என்று ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் கையெழுத்துப் போட வந்தவர்களின் பேனா தயங்கியதற்கு அந்தச் சத்தமும் ஒரு காரணம். 1962-ம் வருஷம் பிப்ரவரியில் அரசாங்கம் கையை விரித்தது. அந்த ஒரே ரோடோடைனையும் துண்டு துண்டாக்கிவிட்டார்கள். எஞ்சிய சில பாகங்கள் வெஸ்டன்-சூப்பர்-மேர் என்ற ஊரில் ஹெலிகாப்டர்களுக்கான ஒரு காட்சிசாலையில் இருக்கின்றன.

இதைப் படிக்கிற சிலர், "அடடா, நாலு பேர் காதைப் பொத்திக்கொண்டதற்காக ஒரு மகத்தான யந்திரத்தைக் கொன்றுவிட்டார்களே!" என்று அங்கலாய்ப்பார்கள். அப்படி எழுதியவர்களும் உண்டு. எனக்கு அந்த அங்கலாய்ப்பில் பாதிதான் சம்மதம். மார்கழி மாதத்து விடியற்காலையில் தெருக்கோடி ஒலிபெருக்கிக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்களுக்கு மற்றப் பாதி தெரியும். நாற்பது பேர் அரை மணி சீக்கிரமாகப் போய்ச் சேருவது நல்ல காரியம்தான். அவர்கள் தலைக்கு மேல் போகும்போது கீழே பரீட்சைக்குப் படிக்கிற பையனும், ஜுரத்தில் படுத்திருக்கிற கிழவியும், தொட்டிலில் தூங்குகிற குழந்தையும் அந்த அரை மணிக்கு விலை கொடுக்கிறார்கள். டிக்கெட் வாங்காதவர்கள் அவர்கள். அவர்களையும் கணக்கில் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகு வருகிற தொகைதான் சரியான தொகை. லண்டனில் அந்தக் கூட்டல் நடந்தது என்பதை நான் தோல்வியாக எண்ணவில்லை.

மூன்றாவது வீடு பாக்கி இருக்கிறது. பிரான்ஸில் லௌஃபர் போய்ச் சேர்ந்த சூட்-வெஸ்ட் கம்பெனியில் 1953-ல் ஒரு குட்டி ஹெலிகாப்டர் பறந்தது. இரண்டே பேர் உட்காரலாம். அதன் பெயர் ஜின். அரபிக் கதைகளில் குப்பிக்குள் அடைபட்டுக் கிடக்குமே, அந்தப் பூதம். பெயர் பூதமே ஒழிய, குணம் சாது. இதில் நுனியில் நெருப்பே இல்லை! உள்ளே இருந்த சின்ன ஜெட் யந்திரம் காற்றை அழுத்திக் கொடுக்க, அந்தக் காற்று இறக்கைகளின் நுனியில் சும்மா பீறிட்டு வெளியே போயிற்று. அந்தப் பீறலின் வேகமே விசிறியைச் சுற்றியது. தீயை மூட்டினால் கிடைக்கிற பலம் இதில் கிடைக்காது. அதனாலென்ன? சுமக்க வேண்டியது இரண்டு பேரைத்தானே! யந்திரம் கக்குகிற புகைக் காற்றையும் வீணாக்காமல் வாலிலிருந்த சுக்கான் மேல் அடித்துத் திசை திருப்பிக்கொண்டார்கள்.

இந்தச் சாதுப் பூதம் 178 பிறந்தது. ராணுவத்தில் வேலை செய்தது. வயல்களுக்கு மேலே தாழப் பறந்து பூச்சி மருந்து தெளித்தது. நுனியிலிருந்து சுற்றும் ஹெலிகாப்டர்களுக்குள் வரிசையாகச் செய்து விற்று, சம்பாதித்துச் சாப்பிட்டது என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். அதற்கும் எண்ணெய்ப் பசி இருந்தது. சில வருஷங்களில் அதைவிடச் சிக்கனமானவை வந்ததும் விலகிக்கொண்டது. ஆனால் தனக்கு ஏற்ற வேலையைத் தன் அளவில் செய்துவிட்டு விலகிற்று.

மூன்று வீட்டையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். டோப்ல்ஹோஃப் ஒரு கஷ்டத்தைத் தீர்த்தார் என்று சொல்கிறோம். உண்மையில் அவர் அதை இடம் மாற்றினார். யந்திரத்தின் நடுவில் முறுக்காக உட்கார்ந்திருந்த கஷ்டம், அங்கிருந்து எழுந்து இறக்கையின் நுனிக்குப் போய், ஒரு பாதி எண்ணெய்ச் செலவாகவும் மறு பாதி சத்தமாகவும் உருமாறி உட்கார்ந்துகொண்டது. உள்ளே இருந்தது வெளியே வந்தது; ஓட்டுகிறவனுக்கு இருந்தது கீழே குடியிருக்கிறவனுக்குப் போயிற்று. நம் வீட்டுக் கஷ்டங்களும் அநேகமாக இப்படித்தான். மூத்தவன் பிரச்னை தீர்ந்தது என்று நிம்மதியாக மூச்சு விடுகிறபோது, இளையவள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ஒரு கஷ்டம் நீங்கிவிட்டது என்று யாராவது சொன்னால், அது எந்தப் பக்கமாகப் போயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டுவைப்பது நல்லது.

இதைச் சொல்வதால் டோப்ல்ஹோஃபின் எண்ணத்தைக் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். அப்படி இடம் மாற்றிப் பார்த்தால்தான் எந்தக் கஷ்டம் எங்கே தாங்கும் என்று தெரியவரும். லௌஃபரின் வீட்டில் அதைத் தாங்கக்கூடிய இடம் ஒன்று கிடைத்தது: சிறிய பாரம், சிறிய தூரம், திறந்த வயல். ஸ்டெபானுக்கு வாய்த்ததோ லண்டனின் நடுமத்தி. திறமையில் அவர் குறைந்தவர் என்று யார் சொல்ல முடியும்? விதை ஒன்றுதான், மண் வேறு.

சிகோர்ஸ்கி வகை ஹெலிகாப்டர்கள்தாம் இன்றைக்கும் அதிகம். எங்காவது வெள்ளம் வந்தால் மொட்டை மாடியிலிருந்து ஜனங்களைத் தூக்கிப் போகிறவற்றில் பெரும்பாலானவை அவைதாம். அடுத்த முறை ஒன்று தலைக்கு மேல் போகும்போது அண்ணாந்து பாருங்கள். வாலின் கடைசியில் அந்தச் சின்ன விசிறி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். வட்டியை இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.